கண்மாயும் மின்கலமும்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில், சிறுமலைத் தொடரைப் பார்த்தபடி சாணார்பட்டியைக் கடக்கிறவர்கள், ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களே பெய்யும் மழையைக் கண்மாயில் தேக்கி, மடையைத் திறந்து அளந்து விட்டு, மாதக்கணக்கில் பயிர் காக்கும் பழைய வித்தைக்கு உரிய பூமி இது என்பதை உணர்வார்கள். கரையில்லாத ஊருக்கு மழை பெய்தும் பிரயோஜனமில்லை. சூரிய மின்சாரத்துக்கும் நியாயம் இதுவேதான். உச்சிவேளையில் அபரிமிதமாக விளைந்து, விளக்கேற்றும் நேரத்தில் அற்றுப்போகும் அந்தச் சக்திக்கும் ஒரு கரை வேண்டும்.

ஊரே மின்சாரம் விளைவிப்பதற்கு முன்மாதிரி உண்டு. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி, 2006-ஆம் ஆண்டில், சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தனக்கே சொந்தமாக, உடுமலைப்பேட்டைக்கு அருகே மைவாடியில் நிறுவிய சரித்திரம் தேசமெங்கும் போற்றப்பட்டது. அங்கே விளையும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் கலந்துவிடுகிறபடியால், ஓடந்துறைக்குத் தனியே சேமிப்பு தேவைப்படவில்லை. வாரியத்துக்கோ பெரிய கண்மாய் ஒன்று உண்டு: மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும் வேளையில் அதையே பாயவிட்டு 400 மெகாவாட் வரை தரவல்ல காடம்பாறை நிலையம்.

ஊரே சேமிக்க விரும்பினால் பேட்டரிதான் வழி. அதற்கோ கவனிப்பு வேண்டும். காரீயத் தகடுகள் கொண்ட பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே வற்றவிட்டால், தகடுகளின்மேல் ஈய சல்பேட் வெண்படலமாய்க் கெட்டித்துப்போய், அது ஏற்கும் மின்சாரம் வரவரக் குறையும். மூடியைத் திறந்து, தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஒருவர் மறந்தாலும் அதன் ஆயுசு குறுகும். லித்தியம் பேட்டரிக்கு இத்தனை சிசுருஷை வேண்டாமாயினும், அதற்கும் முதுமை உண்டு. பீகாரின் தர்நை கிராமத்தில் 2014-இல் பேட்டரிகளோடு தொடங்கிய 100 கிலோவாட் சூரிய மின்நிலையம், அவை க்ஷீணித்து, மலிவான அரசு மின்சாரமும் வந்து சேர்ந்தபின், கைவிடப்பட்டது.

ஆகையால், சாணார்பட்டியைப் போன்ற ஊர்கள் சூரிய மின்சாரத்தை விளைவித்துச் சேமிக்கும் முயற்சியில் இறங்கும்போது, முதலில் பகல் வெயிலிலேயே மோட்டாரை ஓட்டி மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொள்ளட்டும். அந்த நீர் மின்சாரமாகத் திரும்பாதெனினும், மாலையில் செலவாகவேண்டிய மின்சாரத்தை மிச்சப்படுத்தித் தருகிறது. தெருவிளக்குக்கும், தடுப்பூசி மருந்து காக்கும் குளிர்பெட்டிக்கும் மட்டும் அளவான பேட்டரி போதும். அது தேயுமுன்னரே மாற்று வாங்குவதற்கு, மாதந்தோறும் ஊர்ப்பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைப்பது அத்தியாவசியம்.

இது புது ஞானமன்று. குடிமராமத்தென்று வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரைக்கு மண் சுமந்ததும், மடை திறக்கும் உரிமையை நீர்பாய்ச்சி ஒருவரிடம் ஒப்படைத்து, அறுவடையில் அவருக்கு நெல் அளந்ததும் நம் முன்னோர் கண்ட ஏற்பாடுகளே. பேட்டரி வாங்குமுன், அதற்கொரு நீர்பாய்ச்சியை ஊர்கூடி நியமிக்கட்டும்.