மிகப் பெரிய டைனோசர் எது? எடை கணிப்பதில் நீடிக்கும் சிக்கல்

தென் அமெரிக்காவில் வாழ்ந்த, நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி டைனோசரான பட்டகோடைட்டனின் எடை, ஆறு ஆண்டுகளில் 77 டன்னிலிருந்து 57 டன்னாகக் குறைக்கப்பட்டுள்ளது. சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மடிந்த விலங்கு மெலிந்துவிடவில்லை. அதன் எடையைக் கணக்கிடும் முறையே மாறியிருக்கிறது.

அர்ஜென்டினாவின் தென்பகுதியில், சுபுட் மாகாணத்திலுள்ள பண்ணை ஒன்றில் இதன் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. குறைந்தது ஆறு விலங்குகளுக்குரிய நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புகள் அங்கு கிடைத்தன. தொடை எலும்பு ஒன்றின் நீளம் மட்டும் ஏறத்தாழ 2.4 மீட்டர். விலங்கின் மொத்த நீளம் சுமார் 37 மீட்டர் என்று கணிக்கப்படுகிறது.

எலும்பிலிருந்து எடை

கண்டுபிடிப்பு 2014ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டபோது எடை 77 டன் என்று கூறப்பட்டது. விலங்குக்குப் பெயர் சூட்டிய 2017ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை அதனை 69 டன்னாகக் குறைத்தது.

உடலின் பாரத்தைத் தாங்குபவை கால்கள் என்பதால், கால் எலும்புகளின் சுற்றளவைக் கொண்டு எடையைக் கணிப்பது வழக்கம். இந்தத் தொடர்பு இன்று வாழும் விலங்குகளை அளந்து பெறப்பட்டது. ஆனால் இன்று நிலத்தில் வாழும் மிகப் பெரிய விலங்கான ஆப்பிரிக்க ஆண் யானையின் எடையே சுமார் 6 டன்தான். அதைப்போல் பத்து மடங்கு பெரிய உடலுக்கு அதே கணக்கைப் பொருத்தும்போது சிறு பிழையும் பல டன்களாகப் பெருகிவிடும்.

எனவே 2020ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் முழு உடலையும் கணினியில் முப்பரிமாண வடிவமாக உருவாக்கி, அதன் கனஅளவிலிருந்து எடையைக் கணித்தனர். பறவைகளுக்கு இருப்பது போன்ற காற்றுப் பைகள் இவ்வகை டைனோசர்களின் உடலிலும் இருந்தன என்பதால், உருவம் காட்டும் அளவுக்கு எடை இருப்பதில்லை. இதன்படி சராசரி எடை 57 டன் என்று தெரியவந்தது.

எஞ்சியுள்ள சான்றுகள்

அர்ஜென்டினாவின் நியூகென் மாகாணத்தில் கிடைத்து, 1993ஆம் ஆண்டு பெயரிடப்பட்ட அர்ஜென்டினோசாரஸ் இதைவிடக் கனமானதாக இருந்திருக்கலாம். ஆனால் அதன் எலும்புகள் சிலவே கிடைத்துள்ளன.

தமிழகத்தின் அரியலூர் பகுதியில் கல்லமேட்டில் கிடைத்து, 1987ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட புருஹத்காயோசாரஸும் இந்தப் போட்டியில் பேசப்படுகிறது. ஆனால் அதன் எலும்புகள் சிதைந்து அழிந்துவிட்டன. பழைய அளவுகளும் படங்களுமே எஞ்சியுள்ளன.

பட்டகோடைட்டனின் எலும்புகளோ ட்ரெலியூ நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அதனால்தான் அதன் எடையை மீண்டும் கணக்கிட்டுத் திருத்த முடிந்தது.