முதலில் கண், பிறகு புல்

ஐப்பசி மழை ஓய்ந்து பத்து நாள் போனால் பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புகளில் புல் முழங்காலைத் தாண்டிவிடும். நான்கைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அரிவாளால் அறுத்து, கட்டாகக் கட்டி மாட்டுக்கு எடுத்துப் போன காலம் ஒன்று இருந்தது. இப்போது தோளில் பெல்ட் மாட்டிய ஒருவர் வருகிறார்; அரை நாளில் வெட்டிச் சாய்த்துவிட்டு அடுத்த தோப்புக்குப் போகிறார். கடைக்காரர் அதை பிரஷ் கட்டர் என்பார். ஊருக்குள் அது 'புல் வெட்டுற மெஷின்'.

போன கார்த்திகையில் எங்கள் தோப்புக்கு வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். மடித்துக் கட்டிய லுங்கி, ரப்பர் செருப்பு, தலையில் ஒரு துண்டு.

"கண்ணாடி இல்லையா தம்பி?"

"வண்டிப் பெட்டில இருக்குதுங்கண்ணா. போட்டா வேர்த்து மங்கிப்போயிருதுங்க. புல்லே தெரியறதில்ல."

நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அரை மணி நேரத்தில் மோட்டார் ரூம் ஜன்னலில் 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடி நட்சத்திரம்போல் விரிந்து கிடந்தது. அவன் நின்ற இடத்திலிருந்து ஜன்னல் வரை அடியெடுத்து அளந்தேன்: பதினாறு எட்டு. கல் புளியங்கொட்டை அளவுதான். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போயிருக்கக்கூடிய கல் அது. அன்றைக்கு வேலையை நிறுத்தினேன். அன்று முதல் இந்த மெஷினைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தும் கேட்டும் வருகிறேன். வாங்கப் போகிறவர்களுக்கும், ஆள் வைத்து வெட்டுகிறவர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 255 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு நொடிக்கு 93 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதாவது மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல். அதன் வாயில் கூழாங்கல்லோ, பாட்டில் ஓடோ, வேலியிலிருந்து அறுந்து விழுந்த கட்டுக்கம்பித் துண்டோ சிக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மெஷினில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படத்தில் 15 மீட்டர் என்று போட்டிருப்பது இதற்காகத்தான். ஏறக்குறைய 50 அடி. அந்த வட்டத்துக்குள் பிள்ளைகள், நாய், கட்டிப்போட்ட மாடு, நிறுத்திவைத்த கார் எதுவும் இருக்கக்கூடாது. நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு வேறொன்று: வெட்டுகிறவருக்குப் பின்னாலேயே இன்னொருவர் புல்லை வாரிக்கொண்டே வருவார். வெட்டி முடித்து இன்ஜினை நிறுத்திய பிறகுதான் வாரவேண்டும். அவசரமாகச் சொல்லவேண்டியது இருந்தால் எதிரில் தூரத்தில் நின்று கையைக் காட்டுங்கள். பின்னால் போய்த் தோளைத் தொட்டால் அவர் மெஷினோடு திரும்புவார்.

கண் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1994-ல் ஜனவரி முதல் மார்ச் வரையான மூன்று மாதத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு முன்பே கருவிழியில் ஏதோ ஒரு அடி பட்டிருந்தது. கிருமி வளர்ப்புச் சோதனையில் விடை கிடைத்த 297 பேரில் 139 பேருக்குப் புண்ணுக்குக் காரணம் பூஞ்சை மட்டுமே. அப்போது இந்த மெஷின் நம் கிராமங்களில் பரவியிருக்கவில்லை. அரிவாள் காலத்திலேயே நிலைமை அப்படி. இலைத்துணுக்கையும் மண்ணையும் முகத்துக்கு நேராக வீசும் ஒரு கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெறுங்கண்ணோடு நிற்கிறோம் என்றால், எதை அழைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

பூஞ்சைப் புண் மெதுவாக வளரும். முதல் நாள் லேசான உறுத்தல். மூன்றாம் நாள் சிவப்பு. தாய்ப்பால் விடுவார்கள், நாக்கால் துழாவி எடுப்பார்கள், மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்தை ஊற்றுவார்கள். அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சை இன்னும் வேகமாகப் பரவும். கண்ணில் ஏதாவது அடித்தது போல் இருந்தால் கசக்காதீர்கள். எதையும் நோண்டி எடுக்காதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். சின்ன இரும்புத் துணுக்கு கண்ணுக்குள் துளைத்துப் போனாலும் சில நேரம் வலி அவ்வளவாகத் தெரியாது. வலி இல்லை என்பதால் காயம் இல்லை என்று ஆகிவிடாது.

கண்ணாடி மங்கும் என்று அந்தத் தம்பி சொன்னது பொய்யில்லை. வேர்க்காத ஊரா நம்முடையது? அதற்கும் வழி இருக்கிறது. பக்கவாட்டில் காற்றுத் துளை உள்ள, ஆவி படியாத பூச்சுள்ள பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்கிறது. அதற்கு மேலே கம்பிவலை முகமூடியை மாட்டினால் கல் முகத்தில் படாது, காற்றும் வரும். வலை மட்டும் போட்டால் தூசியும் சிறு துணுக்கும் உள்ளே வந்துவிடும். ஆகவே இரண்டும் சேர்ந்தே வேண்டும். வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். அது உடைந்தால் அதன் சில்லே கண்ணைக் குத்தும்.

இனி மெஷின் வாங்குவதைப் பார்ப்போம். கடையில் முதல் கேள்வி "எத்தனை சி.சி. வேணும்?" என்பதாக இருக்கும். அதற்கு முன் நீங்களே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: என்ன புல், என்ன நிலம், யார் தோளில்?

வீட்டு முன்னால் இரண்டு சென்ட்டில் கொரியன் புல் போட்டிருக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு வேண்டியது உருட்டித் தள்ளும் புல்தரை மெஷின். பிரஷ் கட்டரால் புல்தரையை ஒரே மட்டமாக வெட்ட நல்ல கைப்பழக்கம் வேண்டும். இல்லையென்றால் அங்கங்கே சொட்டை விழும். சுவரோரம், நடைபாதை விளிம்பு, மரத்தடி, சரிவு ஆகியவைதான் பிரஷ் கட்டருக்கான இடங்கள். அங்கே பேட்டரியில் ஓடும் சிறிய மெஷினே தாராளம்; சத்தம் குறைவு, புகை இல்லை. எதால் வெட்டினாலும் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். அடியோடு மொட்டையடித்தால் வேர் சோர்ந்து, அந்த இடத்தைக் கோரை பிடித்துக்கொள்ளும்.

தோப்பு, வரப்பு, பார்த்தீனியம் மண்டிய காலி மனை என்றால் பெட்ரோல் மெஷின். அதில் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று வரும். டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, பழுது பார்ப்பது எளிது. ஆனால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. உங்கள் மெஷினுக்கு எது என்று கையேட்டில் இருக்கும். அடுத்தவர் சொல்லும் அளவு உங்களுக்குப் பொருந்தாது. ஆயில் இல்லாமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், மெஷின் அன்றோடு முடிந்தது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலவை வேலை இல்லை. பரவலாக ஓடும் ஹோண்டாவின் ஜி.எக்ஸ்.35 இன்ஜின் 35.8 சி.சி.; அதில் பிடிக்கும் ஆயில் 100 மில்லிதான். அவ்வளவு கொஞ்சம் என்பதால்தான் தினமும் அளவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், பல கை மாறும் மெஷினுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் நல்லது. கலவையில் தவறு நேர வழியே இல்லை.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சீசன் முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதும் தீரும் வரை ஓட்டி அணைத்து வையுங்கள். அடுத்த மழைக்கு எடுக்கும்போது மெக்கானிக் தேவைப்படாது. பெட்ரோல் ஊற்றும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள். பக்கத்தில் பீடி கூடவே கூடாது.

தோளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஏழெட்டு கிலோ எடையை நான்கு மணி நேரம் ஒரே பக்கம் தாங்குவது விளையாட்டில்லை. ஒற்றைப் பட்டை பெல்ட் தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். இரண்டு தோளிலும் இடுப்பிலும் எடை பிரியும் பெல்ட்டைக் கேளுங்கள். அவசரத்துக்கு ஒரே இழுப்பில் கழன்று விழும் கொக்கி அதில் இருக்கவேண்டும். மாட்டிக்கொண்டு கையை விட்டால் வெட்டும் தலை தரையை லேசாகத் தொட்டு நிற்க வேண்டும். அதுதான் சரியான உயரம். சமதளத்துக்கு சைக்கிள் ஹேண்டில் போன்ற பிடி வசதி. சரிவிலும் மேட்டு வரப்பிலும் முதுகில் சுமக்கும் மாடல் கைக்குச் சுலபமாக இருக்கும். கடையிலேயே மாட்டிப் பாருங்கள். ஓட்டப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், முதலாளி தோளும் ஆள் தோளும் ஒன்றல்ல.

உழவர்களுக்கு வேளாண் பொறியியல் துறை வழியாக வேளாண் இயந்திரங்களுக்கு மானியம் உண்டு. உழவன் செயலியில் விண்ணப்பிக்கலாம். கடைக்குப் போகும் முன் ஒருமுறை அந்த அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வெட்டும் தலையில்தான் பலர் சறுக்குகிறார்கள். மெல்லிய புல்லுக்கு நைலான் நரம்பு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் 1971-ல் கார் கழுவும் நிலையத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்தார். பாப்கார்ன் டப்பா ஒன்றில் துளையிட்டு மீன்பிடி நரம்பைக் கோத்துச் சுற்றவிட்டுப் பார்த்தார். இன்று உலகெங்கும் சுற்றும் நைலான் தலை அங்கிருந்து தொடங்கியது. நரம்பு கல்லில் பட்டால் தேயும், அதுவே அதன் நன்மை. ஆனால் மரப்பட்டையை அது உரித்துவிடும். கொய்யா, மாங்கன்றுகளின் தண்டைச் சுற்றிப் பட்டை போனால் கன்று பட்டுப்போகும். இளந்தென்னையில் காயம் பட்டால் அந்த வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் கையால் களையெடுங்கள். சொட்டுநீர்க் குழாய் ஓடும் இடத்திலும் அப்படியே.

தடித்த கோரைக்கும் உண்ணிச்செடிக்கும் மூன்று பல் பிளேடு. விரல் தடிமன் புதருக்கு, கார்பைடு முனை வைத்த பல பல் பிளேடு. பிளேடைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நட்டின் மரை இடப்பக்க மரை. வழக்கத்துக்கு மாறாகக் கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி உடைத்தவர்கள் பலர். விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் வைக்காதீர்கள். தூக்கிப் போடுங்கள்.

நரம்பு அடிக்கடி தீர்கிறது என்று பிரேக் கேபிளைக் கோத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கிலித் துண்டு கோத்த தலைகளும் விற்பனைக்கு வருகின்றன. கேபிளின் இழையும் சங்கிலியின் கண்ணியும் அறுந்தால் துப்பாக்கிக் குண்டுபோலப் போகும். இப்படிக் கண்ணி அறுந்து பறந்து ஓர் உயிர் போன பிறகு, கோத்த உலோகத் துண்டுகளால் ஆன தலைகளை இந்த மெஷினுக்கு விற்பதையே ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரியில் தடை செய்தது. நம் ஊர்க் கடையில் யாராவது காட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள். புல் அடைக்கிறது என்று தடுப்பு மூடியைக் கழற்றி எறிவதும் இதே வகைத் தவறு. நைலானுக்கான மூடியில் உள்ள சிறு கத்தி நரம்பை அளவாக நறுக்குகிறது. மூடி போனால் நரம்பு நீண்டு, இன்ஜின் திணறி, கிளட்ச் கருகும். கல் நேராக உங்கள் முழங்காலுக்கு வரும்.

பிளேடு மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் ஓடுகிறது. அதனால் வலமிருந்து இடமாக வீசும்போதுதான் வெட்ட வேண்டும். இடமிருந்து வலம் வெறும் திரும்பல். பிளேடைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, 8 முதல் 11 மணி வரையுள்ள இடப்பக்கத்தால் வெட்டுங்கள். 12 முதல் 3 மணி வரையுள்ள பகுதி தடித்த தண்டிலோ கல்லிலோ பட்டால் மெஷின் உதைத்துக்கொண்டு வலப்பக்கம் எகிறும், ஆளையும் சேர்த்துத் திருப்பிவிடும். புல் சுற்றிக்கொண்டால் கையை வைக்கும் முன் இன்ஜினை நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு சில நொடி சுற்றும். நிறுத்தாமல் இழுத்து விரல் போனவர்கள் உண்டு.

காலுக்கு கம்பூட், முழங்காலுக்குக் கீழே தடுப்பு. பாம்புக்கும் அது உதவும். காதுக்கு அடைப்பான் கட்டாயம். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு அந்தக் கணக்கில் 15 நிமிடம்தான். பெட்ரோல் மெஷின்கள் அந்த அளவை எளிதில் எட்டுகின்றன. நம் ஆட்கள் காலை முதல் மாலை வரை ஓட்டுகிறார்கள். விரல் மரத்துப்போனாலோ, குளிரில் வெளுத்தாலோ அது அதிர்வினால் வரும் கேடு. ஒரு டேங்க் தீர்ந்ததும் கால் மணி நேரமாவது உட்காரட்டும். கூலியில் அதைக் கழிக்காதீர்கள்.

அந்தத் தம்பி மறுவாரம் வந்தபோது ஒரு கண்ணாடி, ஒரு வலை முகமூடி, ஒரு காதடைப்பான் வாங்கி மோட்டார் ரூமில் மாட்டியிருந்தேன். முதலில் கூச்சப்பட்டான். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, வலையில் ஒட்டியிருந்த மண்ணையும் சாற்றையும் பார்த்துவிட்டு, "இத்தனையும் மூஞ்சிலதானுங்க வந்திருக்கும்" என்றான்.

மூன்றும் சேர்ந்து சில நூறு ரூபாய்தான் ஆயிற்று. நாள் கூலிக்கு வருகிறவர் இதையெல்லாம் வாங்கி வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. வெட்டச் சொல்கிறவர்தான் வாங்கி வைக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கோ, தோப்புக்கோ, பள்ளி மைதானத்துக்கோ அடுத்த முறை புல் வெட்ட ஆள் வரும்போது, அவர் கயிற்றை இழுக்கும் முன் போய் அவர் முகத்தைப் பாருங்கள். கண்ணாடி இல்லையென்றால் அன்றைக்கு வேலை வேண்டாம் என்று சொல்லுங்கள்.