வெனிஸின் ஒதுக்குப்புறத்தில் ஒரு பேராலயம்

1902 ஜூலை 14 காலையில், வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு சதுக்கத்தின் மணிக்கோபுரம் விரிசல் விட்டு, அப்படியே சரிந்து செங்கல் குவியலானது. அதே இடத்தில், அதே உருவில் மறுபடி எழுப்பி 1912-ல் திறந்தார்கள். இன்று அதன் உச்சிக்குப் போகச் சுற்றுலாக் கூட்டம் வரிசையில் நிற்கிறது. நகரின் கிழக்கு முனையில், சான் பியெத்ரோ தீவில் இன்னொரு மணிக்கோபுரம் இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் தெரிகிற சாய்வு. ஆனாலும் ஐந்நூறு வருடங்களுக்கு மேலாக நிற்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள்தான் குறைவு.

சதுக்கத்திலிருந்து நடந்தால் சுமார் அரை மணி நேரம். நெப்போலியன் ஆட்சியில் கால்வாயைத் தூர்த்துப் போட்ட அகலமான கரிபால்டி தெரு வழியாகப் போக வேண்டும். காய்கறிப் படகையும் மாடிக்கு மாடி உலரும் துணிகளையும் கடந்து ஒரு பாலம் ஏறி இறங்கினால் தீவு வந்துவிடும். கல் பாவிய சதுக்கங்களுக்கே பழகிப்போன கண்ணுக்கு, இங்கே புல்லும் மரமுமாக ஒரு திடல். அதன் ஒரு பக்கம் சான் பியெத்ரோ தி காஸ்தெல்லோ தேவாலயம். அதைத் தொடாமல் தனியாக, வெள்ளை இஸ்திரியக் கல்லில் கோபுரம். வெனிஸின் மணிக்கோபுரங்களில் பெரும்பாலானவை செங்கல்லால் ஆனவை என்பதால், இந்த வெண்மை தூரத்திலேயே கண்ணை இழுக்கிறது. 1480களில் இதைக் கட்டியவர் மாவ்ரோ கோதுச்சி. கல்லறைத் தீவான சான் மிக்கேலேயில் உள்ள தேவாலயமும் அவர் கைவண்ணமே.

சாய்வுக்குக் காரணம் காலடியில் இருக்கிறது. வெனிஸுக்கு அடியில் பாறை கிடையாது. காயலின் களியும் வண்டலும் மணலும்தான். அதில் மரக்கம்பங்களை நெருக்கமாக அடித்து இறக்கி, மேலே கல் பாவிக் கட்டினார்கள். நீருக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும் மரம் எளிதில் மக்காது. ஆனால் கோபுரத்தின் பாரம் முழுவதும் ஒரு சிறு சதுரத்தில் இறங்குகிறது. ஒரு பக்க மண் கொஞ்சம் கூடுதலாக அமுங்கினாலும் உச்சி விலகிவிடும். அதே காயலில் உள்ள புரானோ தீவின் கோபுரம் 53 மீட்டர் உயரம், உச்சியில் 1.83 மீட்டர் விலகி நிற்கிறது. புரானோவுக்கு வண்ண வீடுகளும் பின்னல் லேஸும் இருப்பதால் படமெடுக்க ஆள் திரள்கிறது. சான் பியெத்ரோவிடம் இருப்பது வரலாறு.

பலர் அறியாத செய்தி ஒன்று: 1807 வரை வெனிஸின் பேராலயம் இதுதான். ஆயர் பீடம் இந்தத் தீவில் எட்டாம் நூற்றாண்டிலேயே அமைந்தது. 1451-ல் முதுபெரும் தந்தையின் (பேட்ரியார்க்) பீடம் ஆனது. முதலில் அமர்ந்தவர் புனித லொரென்சோ ஜுஸ்தினியானி. அவர் உடல் இன்றும் நடுப்பீடத்தில் இருக்கிறது. பொன்மொசைக் மின்னும் புனித மாற்கு ஆலயம் அந்நாளில் நகரத் தலைவரான தோஜேயின் சொந்த வழிபாட்டிடம். ரோமாபுரிக்குக் கட்டுப்பட்ட திருச்சபைத் தலைவரை அரண்மனையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, நகரத்தின் ஓரத்தில் வைத்திருந்தார்கள். வெனிஸ் குடியரசின் அரசியல் சாதுரியத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை என்பேன். நெப்போலியன் காலத்தில் பீடம் சதுக்கத்துக்கு மாறியது. முதுபெரும் தந்தையின் மாளிகை படைவீடானது. முதல் உலகப் போரில் தீக்குண்டு விழுந்து தேவாலயத்தின் குவிமாடமும் எரிந்தது, பின்னர் சீரமைத்தார்கள்.

தேவாலயத்தின் முகப்பு கட்டடக் கலைஞர் பல்லாதியோவின் எண்ணத்தில் பிறந்தது. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1590களில் பிரான்செஸ்கோ ஸ்மெரால்தி அதை முடித்தார். அழகுதான், ஆனாலும் அங்கே அதிக நேரம் நிற்க வேண்டாம். உள்ளே போய் வலப்பக்கம் உள்ள கல் நாற்காலியைத் தேடுங்கள். அந்தியோக்கியாவில் புனித பேதுரு அமர்ந்த இருக்கை என்பது மரபு. அதன் முதுகுப் பலகையோ ஓர் இஸ்லாமியக் கல்லறைக் கல். கூஃபி என்னும் அரபு எழுத்தில் குர்ஆன் வசனங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கிழக்கத்திய வாணிகத்தால் வாழ்ந்த நகரம், அந்தக் கல்லைத் தன் பேராலயத்தில் முதல் திருத்தூதரின் பெயரால் போற்றி வைத்திருந்தது. வரிகளை அருகில் நின்று பாருங்கள். ஆழமாக, நிதானமாக வெட்டிய எழுத்து. எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

போவதென்றால் ஜூன் கடைசியில் போகலாம். பேதுரு திருநாள் ஜூன் 29. அதையொட்டிச் சில நாட்கள் புல்திடலில் நீள மேசைகள் போட்டு, மீனும் மதுவும் பாட்டுமாக அந்த வட்டாரத்து மக்கள் கூடுகிறார்கள். கூட்ட நெரிசல் பிடிக்காதவர்கள் மற்ற மாதங்களில் காலையிலேயே கிளம்பலாம்; கால் வலிக்கும் பெரியவர்களுக்குத் தீவிலேயே படகு நிறுத்தம் உண்டு.