பரதேசி என்னும் சொல்

பரதேசி என்றால் பிற தேசத்தவன் என்பதே பொருள். வேற்றூரிலிருந்து வந்தவன் என்பதைத் தவிர அச்சொல்லில் இழிவு எதுவும் இருந்ததில்லை. யாத்திரை செல்லும் துறவியரையும் முன்னோர் அப்பெயரால் அழைத்தனர். இன்றோ இரு சிறுவர் சண்டையிட்டால் முதலில் வாயில் வருவது அதுவே. ஆண்டி என்னும் சொல்லின் கதி இன்னும் விந்தையானது. பழனியில் ஆண்டிக்கோலத்தில் நிற்கும் முருகனைத் தொழுது திரும்பும் நம்மவர், சிங்காநல்லூர்ப் பேருந்து நிலையத்தில் படுத்திருக்கும் ஆண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

மாணவ நண்பர்களே, சொல் மாறினால் நடத்தையும் மாறும் என்பதை நான் இலக்கண வகுப்பில் கற்கவில்லை. என் பிழையிலிருந்து கற்றேன். சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், குளக்கரையில் கூடாரமிட்டு அம்மி கொத்திப் பிழைத்த குடும்பத்துச் சிறுவன் சேர்ந்தான். கணக்கில் கெட்டிக்காரன். சில நாள் அவன் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பது எங்கள் வழக்கம். இவன் பெயருக்கு எதிரே 'நாடோடி' என்று எழுதி, பெயரை நீக்கிவிட்டேன். நாடோடி என்றால் போய்விடுவான்தானே! கேள்வி எழுமுன்பே அச்சொல் எனக்கு விடை தந்துவிட்டது. உண்மையில் அவன் எங்கும் போகவில்லை. காய்ச்சலாய்க் கூடாரத்திலேயே கிடந்திருக்கிறான். பள்ளிக்கும் அதற்கும் கால் மைல் தூரம். செய்தி அறிந்து நான் சென்றபோது அடுப்புக் கற்கள் மட்டுமே கிடந்தன.

தனி ஒருவன் எழுதிய சொல்லுக்கே இவ்வளவு வலிமை என்றால், சட்டத்தில் ஏறிய சொல்லை என்னென்பது? ஆங்கில அரசு 1871-இல் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர் ஊராகச் சென்று பிழைத்த குழுக்கள் பல, பிறப்பாலேயே குற்றவாளிகள் எனப் பதிவாயின. நம் மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீங்கிற்று. ஐயப்பார்வை அவ்வளவு விரைவில் நீங்கவில்லை.

சொல்லைத் திருத்திய தீர்ப்பும் ஒன்று உண்டு. பம்பாய் நடைபாதைவாசிகளை 1981-இல் அரசு வெளியேற்ற முனைந்தது. எதிர்த்து வழக்காடியவர்களுள் ஒருவர், வறட்சியால் வேலையிழந்து 1961-இல் நம் சேலத்திலிருந்து சென்ற நிலமற்ற தொழிலாளி. அத்துமீறி நுழைந்தோர் என்று அவர்கள்மேல் குற்றம் சாட்டப்பட்டது. 1985-இல் உச்ச நீதிமன்றமோ, அவர்கள் விரும்பி அங்கே தங்கவில்லை, வேறு வழியின்றித் தங்கினர் என்றது. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றும் கூறியது. குடிசைகளை அத்தீர்ப்பு காப்பாற்றிவிடவில்லை. மழைக்காலம் கழியும்வரை அகற்றலாகாது என்ற அளவில் நின்றது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு இவர்களைத் தெருவிலேயே தேடிச்சென்று எண்ணினர். நாடு முழுவதும் 17 இலட்சத்துக்கு மேல். கணக்கெடுப்பு அவர்களுக்கு இட்ட பெயர் வீடற்றோர். அச்சொல்லை நான் விரும்புகிறேன். வீடு இல்லை என்று மட்டுமே அது சொல்லுகிறது. ஆளைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதில்லை.

சென்ற மாதம் எங்கள் பேருந்து நிலையத்தில் ஒரு முதியவர் படுத்திருந்தார். தேநீர்க் கடைக்காரர் அவரைப் பைத்தியம் என்றார். நான் அருகில் அமர்ந்து, "பெரியவரே, எந்த ஊருங்க?" என்று கேட்டேன்.

"இதே ஊர்தானுங்க" என்றார். பக்கத்து நூலாலை ஒன்றில், அது மூடப்படும்வரை நூற்புப் பகுதியில் வேலை பார்த்தவராம். எந்த ஷிப்டு என்று கேட்டேன். பேச்சு நீண்டது.