சாரல் சீசனுக்கு முன்னாடி முன் ஷாக் மாத்தணுமா? ஒரு 8,820 ரூபாய் கணக்கு



கார் செலவு என்றாலே நாம பெட்ரோல், இன்சூரன்ஸ், இ.எம்.ஐ. என்று மூன்றோடு கணக்கை முடித்துவிடுகிறோம். நாலாவதா ஒரு செலவு வண்டிக்கு அடியில் சத்தமில்லாம வளர்ந்துகிட்டே இருக்கும். ஒரு நாள் பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, முன் ஷாக் ரெண்டும் போச்சு" என்று சொல்வார்கள். அந்த நிமிஷத்தில் நம்மிடம் பணமும் இருக்காது, கேட்க வேண்டிய கேள்வியும் தெரியாது. ஒன்று, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வண்டியை எடுத்துட்டு வந்துடுவோம். இல்லைன்னா சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுவோம். ரெண்டுலயும் நஷ்டம் நமக்குத்தான்.

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளையெல்லாம் ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஏற்றி இறக்கியே வண்டி தேயும். கார்த்திகை பிறந்தால் சபரிமலை சீசன். புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு வழியாகப் போகணும். ஈர ரோடு, வளைவு, இறக்கம், வண்டி நிறைய ஆள். முன் சக்கரம் ரோட்டை விடாமப் பிடிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஸ்ட்ரட் என்ன வேலை செய்யுது?

ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஸ்விஃப்ட் மாதிரி நம்ம ஊரில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் உருவாக்கிய அமைப்பு. 1983-இல் வந்த மாருதி 800-லும் முன்பக்கம் இதேதான். இடமும் குறைவு, செலவும் குறைவு என்பதால் சின்ன கார் உலகமே இதைப் பிடித்துக்கொண்டது.

ஒரே குழாய், மூன்று வேலை. மேலே காயில் ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. மூன்றாவது வேலையைத்தான் பலர் கவனிப்பதில்லை. சக்கரத்தை நேராக நிறுத்திப் பிடிப்பதும், ஸ்டீரிங் திருப்பும்போது கூடவே திரும்புவதும் இந்த ஸ்ட்ரட்தான்.

பள்ளத்தில் இறங்கினால் ஸ்பிரிங் அமுங்கி மேலே எழும்பும். தடுக்க ஆளில்லை என்றால் ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக்குக்குள் இருக்கும் ஆயில் சின்ன வால்வுகள் வழியாகக் கஷ்டப்பட்டு நகரும்போது அந்த ஆட்டம் வெப்பமாக மாறி அடங்கிவிடுகிறது. சீல் தேய்ந்து ஆயில் வெளியே வந்துவிட்டால் அடக்குகிற வேலை நின்றுவிடும். டயர் ரோட்டில் உருளாமல் குதிக்கும். குதிக்கிற டயர் பிரேக் பிடிக்காது. காய்ந்த ரோட்டில் இதை நாம சமாளிச்சிடுவோம். சாரலில் நனைந்த இறக்கத்தில் சமாளிக்க இடமில்லை.

எப்போ மாத்தணும்?

80,000 கி.மீ. என்று ஷாக் தயாரிப்பாளர்கள் பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள். நம்ம ரோட்டுக்கு அதை அப்படியே எடுத்துக்க முடியாது. திருநெல்வேலி–தென்காசி ரோட்டை நாலு வழியாக்கும் வேலை வருஷக்கணக்கில் நடந்தது. அந்த ரோட்டில் தினமும் போய்வந்த வண்டியும், ஊருக்குள்ளேயே ஓடின வண்டியும் ஒன்றாகிவிடுமா? அதனால் மீட்டரைப் பார்க்காதீங்க, வண்டியைப் பாருங்க.

முதலில் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்க. ஸ்ட்ரட் மேல் லேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆயில் வழிந்து, அதில் புழுதி ஒட்டிக் களி மாதிரி இருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஷாக் ராடை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்க. அது கிழிந்தால் சேற்றுத் தண்ணீர் ராடில் பட்டுத் துருப்பிடிக்கும். துரு ஏறிய ராடு ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் சீலை அறுக்கும்.

அடுத்து, பானட் மூலையை நன்றாக அமுக்கிவிட்டுக் கையை எடுங்க. மேலே வந்து நின்றுவிட வேண்டும். மறுபடி மறுபடி ஆடினால் ஷாக் செத்துவிட்டது. ஆனால் ஒன்று, பாதி பலவீனமான ஷாக் இந்தச் சோதனையில் பாஸ் ஆகிவிடும். அதனால் டயரையும் தடவிப் பாருங்க. மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் டயர் குதித்து ஓடியிருக்கிறது. பிரேக் போடும்போது மூக்கு ரொம்பக் குனிந்தாலும் சந்தேகப்படுங்க.

சத்தம் வந்தாலே ஷாக் என்று முடிவு கட்டிடாதீங்க. சின்ன மேட்டில் "கடகட" என்றால் அது பல நேரம் லிங்க் ராடுதான். அது ஷாக்கைவிட ரொம்ப மலிவு, ஸ்ட்ரட்டைக் கழற்றாமலே மாற்றலாம். நின்ற இடத்தில் ஸ்டீரிங் திருப்பும்போது "டக்" என்றால் ஸ்ட்ரட் மவுண்ட் அல்லது அதன் பேரிங்காக இருக்கலாம். ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்க. "எந்தப் பார்ட் போயிருக்கு, கொஞ்சம் காட்டுங்கண்ணே" என்று கேளுங்க. நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார்.

ஒரு தடவை கழற்று, ஒரு தடவை காசு கொடு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வைக்கணும் என்றால் அது இதுதான். ஸ்ட்ரட் வேலையில் பாதிச் சுமை கழற்றி மாட்டுவதில் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றணும், பிரேக் ஹோஸை விடுவிக்கணும், கீழே இரண்டு போல்ட், மேலே நட்டுகள், பிறகு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து மவுண்டைக் கழற்றணும். திரும்ப மாட்டியதும் வீல் அலைன்மென்ட். இவ்வளவும் செய்தபிறகு பழைய மவுண்டையே திரும்பப் போட்டால், அது போகும்போது மொத்த வேலையையும் மறுபடி செய்யணும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். இவை கணக்கு புரிவதற்காக நான் வைத்த எண்கள். உங்க வண்டி, உங்க ஊர் விலையை இதில் மாற்றிப் போட்டுக்கோங்க.

முன் ஸ்ட்ரட் 2 – 4,720 ரூபாய்
மவுண்ட், பேரிங் 2 செட் – 1,200 ரூபாய்
பம்ப் ஸ்டாப்பர், ரப்பர் உறை 2 செட் – 600 ரூபாய்
லேபர் – 1,500 ரூபாய்
வீல் அலைன்மென்ட், பேலன்சிங் – 800 ரூபாய்
மொத்தம் – 8,820 ரூபாய்

"ரப்பர் சாமானெல்லாம் இப்ப வேண்டாம், ஷாக் மட்டும் போடுங்க" என்றால் 7,020 ரூபாயில் முடியும். 1,800 ரூபாய் மிச்சம் மாதிரி தெரியும். ஆறு மாதம் கழித்து மவுண்ட் சத்தம் போட ஆரம்பித்தால், சாமான் 1,800, மறுபடி லேபர் 1,500, மறுபடி அலைன்மென்ட் 800. ஆக 4,100. மொத்தச் செலவு 11,120 ரூபாய். மிச்சம் பிடிக்கப் போய் 2,300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். அதில் ஒரு ரூபாய்க்குக்கூடப் புது சாமான் வரவில்லை.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் இதே கதைதான். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் தளர்ந்தது என்றால் வளைவிலும் பிரேக்கிலும் வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடக்காது. முன்பக்கம் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்க. பின்பக்க ஷாக் நன்றாக இருந்தால் "செட்டா நாலும் போட்டுடலாம்" என்பதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? முன் டயர் இரண்டும் 7,000 ரூபாய் என்று வையுங்க. குதித்து ஓடி பாதி ஆயுளிலேயே தேய்ந்தால் 3,500 ரூபாய் தண்டம். பால் ஜாயின்ட், புஷ் எல்லாம் சேர்ந்து அடிவாங்குவது தனி.

சாமான் வாங்கும்போது

ஆர்.சி. புக்கை எடுத்துட்டுப் போங்க. ஒரே மாடலில்கூட வருஷத்துக்கு வருஷம் ஸ்ட்ரட் மாறும், இடது வலது வேறு வேறு. கார் கம்பெனி ஜெனியூன் பார்ட்ஸ் வாங்கலாம், கேப்ரியல், மன்ரோ மாதிரி ஷாக் தயாரிக்கும் பிராண்டுகளும் கிடைக்கும். பெட்டியில் பார்ட் நம்பர், கையில் பில், பில்லில் வாரண்டி விவரம். மூன்றும் இருக்கட்டும். ஆயில் ஊற்றி அடைத்த ரீகண்டிஷன் ஷாக் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பார்கள். எப்போ போகும் என்று தெரியாத சாமானுக்கு முழு லேபர் கொடுப்பதில் லாபம் இல்லை.

பில்லில் வரியைப் பாருங்க. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் ஷாக் அப்சார்பருக்கு 28. அடிப்படை விலை 2,000 ரூபாய் என்றால் முன்பு 2,560, இப்போ 2,360. இன்னொன்று, ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னப் பட்டறை லேபருக்கு ஜிஎஸ்டி என்று தனியாக வசூலிக்க முடியாது. வரி கேட்டால் பதிவு எண் போட்ட பில் கேளுங்க.

பட்டறையில் நிற்கும்போது ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் நடு நட்டைக் கழற்றக் கூடாது. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் கை, முகம் தப்பாது. யூடியூப் பார்த்து வீட்டில் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். இங்கே மிச்சமாகும் 1,500 ரூபாய்க்கு அந்த ஆபத்து தேவையில்லை. வேலை முடிந்ததும் அலைன்மென்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்க. ஸ்ட்ரட்டைக் கழற்றினால் சக்கரத்தின் கோணம் மாறும், அதனால் அலைன்மென்ட்டை விடவே கூடாது.

இன்சூரன்ஸ் தருமா?

தேய்மானத்துக்குக் கிளைம் கிடையாது. பெரிய பள்ளத்தில் விழுந்து ஸ்ட்ரட் வளைந்தால் விபத்து என்று கேட்க இடமுண்டு. ஆனால் கேட்பதற்கு முன் நோ கிளைம் போனஸைக் கணக்கு போடுங்க. உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 4,000, போனஸ் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கிளைம் வாங்கினால் அடுத்த வருஷம் போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் திரும்ப 50 வரும். பிரீமியம் மாறாது என்று வைத்தாலும் இந்த ஐந்து வருஷத்தில் இழப்பது 2,000, 1,200, 1,000, 600, 200. கூட்டினால் 5,000 ரூபாய். சின்ன கார் என்றால் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய் வேறு. 8,820 ரூபாய் வேலைக்குக் கிளைம் போட்டால் கையில் என்ன நிற்கும் என்று நீங்களே பாருங்க.

பணத்தை எப்படி ஒதுக்குவது?

நம்ம ரோட்டுக்கு ஸ்ட்ரட் 60,000 கி.மீ. வரும் என்று வைத்தால், 8,820 ரூபாய் என்பது கிலோமீட்டருக்கு சுமார் 15 பைசா. மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 150 ரூபாய். டயர், பேட்டரி, இன்சூரன்ஸையும் இதே மாதிரி கிலோமீட்டருக்கோ மாதத்துக்கோ பிரித்துக் கூட்டுங்க. அந்தத் தொகைக்கு வங்கியில் ஒரு வருஷ ஆர்.டி. போட்டு, வண்டி ஃபண்ட் என்று பெயர் வையுங்க. எமர்ஜென்சி ஃபண்டை இதுக்குத் தொடாதீங்க. ஷாக் தேயும் என்பது எதிர்பாராத செலவே கிடையாது. தேதி மட்டும்தான் தெரியாது.

ஆர்.டி. முதிர்வை ஏப்ரல் அல்லது மே மாதத்தில் வருகிற மாதிரி ஆரம்பிங்க. சாரல் விழுவதற்கு முன்னாடி பணமும் கையில் இருக்கும், வண்டியையும் காட்டிவிடலாம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. விலை பேசும் முன்னாடியே மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்க. ஆயில் வழிந்திருந்தால் எழுத்தில் ஒரு எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்க. விற்பவர் வாயால் சொல்லும் "லேசா சத்தம் வரும் அண்ணாச்சி, அவ்வளவுதான்" என்பதற்கும் ஒரு விலை உண்டு. அது எவ்வளவு என்று இப்போ உங்களுக்குத் தெரியும்.

இந்த வாரம் ஒரு காலை வேளையில் டார்ச் எடுத்து உங்க வண்டியின் முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை, காசும் இல்லை.