பொட்டல்னு சொல்லாதீங்க பாஸ்!

நெல்லையிலிருந்து மதுரை ரோட்டில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கங்கைகொண்டான். ஜன்னலோர சீட்டில் என்ன தெரியும்? சிப்காட் கம்பெனிகள், உடைமரங்கள், காய்ந்த புல்... 'சும்மா கிடக்கிற பொட்டல்' என்று செல்போனுக்குத் திரும்பிவிடுவீர்கள்.

ஆனால், நெல்லை, தூத்துக்குடி பக்கத்துப் பொட்டல்களை நம்பி மத்திய ஆசியாவிலிருந்தே ஒரு விருந்தாளி வருகிறார். பெயர் பூனைப்பருந்து. விசாவும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது! மழைக்காலத்தில் வந்து, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார். பகலெல்லாம் தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடிப்பார். ராத்திரி தூக்கம்? மரத்தில் இல்லை, புல்லுக்குள் தரையில்! அதுவும் கூட்டமாக, ஹாஸ்டல் மாதிரி.

இந்த ஹாஸ்டல்கள்தான் காலியாகின்றன. ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தின் டி.கணேஷும் எம்.பி.பிரசாந்தும் நாடு முழுவதும் உள்ள தங்குமிடங்களின் தகவலைத் திரட்டி 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகள் குறைந்து வருகின்றன என்பதுதான் அதன் சாராம்சம்.

எப்படி எண்ணுவது? சிம்பிள். சூரியன் மறைவதற்கு முன்பே போய், தங்குமிடத்துக்குத் தள்ளி உட்கார வேண்டும். புல்லில் இறங்குகிற ஒவ்வொன்றையும் எண்ண வேண்டும். கிட்டே போய் போட்டோ எடுக்கிற வேலை கூடவே கூடாது. வானம்பாடி, கௌதாரி, காடைக்கு வேறு மெத்தட். காலையில் ஒரே நேர்கோட்டில் மெதுவாக நடந்து, பார்த்த பறவை எது, கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறிக்க வேண்டும். அந்தத் தூரத்தை வைத்து, கண்ணில் படாதவை எத்தனை இருக்கும் என்றுகூடக் கணிக்கலாம். நம்ம புள்ளியியல் பேப்பர் உதவுகிற இடம் இது! அதே இடத்தில், அதே மாதத்தில், வருஷா வருஷம் எண்ணினால்தான் கூடுதா, குறையுதா என்று தெரியும்.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? கங்கைகொண்டானில் புள்ளிமான்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். 2013-ல் 288.40 ஹெக்டேர் அவற்றுக்காகச் சரணாலயம் ஆனது. தரையோடு தரையாக ஒளிந்து வாழும் வானம்பாடிக்கு யார் சாட்சி? 2000-ல் முதன்முதலில் வெளியான இந்தியத் தரிசு நில அட்லஸ், புதர்க்காட்டையும் சீரழிந்த மேய்ச்சல் நிலத்தையும் 'தரிசு' கணக்கில்தான் வைத்தது. கணக்கு இல்லாத இடம், காகிதத்தில் காலி இடம்!

'அப்போ கம்பெனி வேண்டாமா? எங்களுக்கு வேலை?' நியாயமான கேள்விதான். கம்பெனி வரட்டும். எங்கே கட்டுவது, எதை விட்டுவைப்பது என்று பேசும்போது மேஜையில் பறவைக் கணக்கும் இருக்கட்டும் என்பதுதான் விஷயம்.

இன்னொன்று... என்.எஸ்.எஸ். கேம்ப்பில் 'பொட்டலைப் பசுமையாக்குவோம்' என்று மரக்கன்றோடு கிளம்புகிறோமே, அங்கேயும் கொஞ்சம் யோசியுங்கள். திறந்த புல்வெளியில் தரையில் முட்டையிடும் பறவைக்கு, நாம் நடும் மரம் நிழல் இல்லை; வீடு பறிபோவது.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிஷம் ஒதுக்கினால் போதும், நீங்களும் சேரலாம். பொங்கல் லீவுக்கு ஊருக்குத்தானே வருவீங்க? ஊருக்கு வெளியே இருக்கிற பொட்டலுக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க, நோட்டும் பேனாவுமாக!