பாக் விரிகுடா கடற்பசுப் பாதுகாப்பகம்

பாக் விரிகுடா கடற்பசுப் பாதுகாப்பகம் என்பது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலோரத்தை ஒட்டி அமைந்த பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாகும். கடற்பசுவுக்கென இந்தியாவில் ஏற்படுத்தப்பட்ட முதல் பாதுகாப்பகம் இதுவே. ஏறத்தாழ 448 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இதனைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது.

அமைவிடம்

காவிரிப் படுகையின் கடற்கரை காரைக்கால், நாகப்பட்டினம் வழியாகக் கோடியக்கரை வரை தெற்கு நோக்கிச் செல்கிறது. இந்தக் கரை வங்கக் கடலின் அலைகளை நேராக எதிர்கொள்கிறது. கோடியக்கரையில் கரை மேற்கே திரும்புகிறது. அங்கிருந்து தொடங்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அலையும் குறைவு. சூரிய ஒளி கடலடி வரை எட்டுவதால் இங்கே கடற்புல் செழித்து வளர்கிறது.

கடற்புல்

கடற்புல் பாசி அன்று. வேரும் பூவும் உடைய தாவரம். அதன் வேர்கள் சேற்றைப் பிடித்து வைத்து நீரைத் தெளிவாக்குகின்றன. மீன், இறால், நண்டு ஆகியவற்றின் குஞ்சுகள் புல்லிடையே ஒளிந்து வளர்கின்றன. காற்றிலுள்ள கரியும் இப்புல்வெளிகளின் அடிமண்ணில் நெடுங்காலம் சேமிக்கப்படுகிறது. ஆகவே கடற்புல் அழிந்தால் மீனவரின் வருவாயும் குறையும்.

கடற்பசு

ஆவுளியா என்றும் அழைக்கப்படும் கடற்பசு, கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி. சுமார் 3 மீட்டர் நீளம் வளரும். 70 ஆண்டுகள் வரை வாழக்கூடும். கருக்காலம் ஓராண்டுக்கும் மேல். ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரு கன்றே ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். எனவே ஒரு தாய் இறந்தாலும் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. இதன் உறவினமான ஸ்டெல்லர் கடற்பசு 1741-இல் அறிவியலாளரால் கண்டறியப்பட்டது. வேட்டையால் 30 ஆண்டுகளுக்குள் அது முற்றிலும் அழிந்துவிட்டது.

அச்சுறுத்தல்கள்

முன்பு இறைச்சிக்காக வேட்டையாடப்பட்ட கடற்பசு, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. இன்று வேட்டையைவிட வலையே பெரிய ஆபத்து. கடற்பசு மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வர வேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்துவிடும். இழுவலைகள் கடலடியைச் சுரண்டுவதால் புல்வெளியும் அழிகிறது.

மீனவர் பங்கு

இது தேசியப் பூங்கா அன்று. இவ்வகைப் பாதுகாப்பகம் உள்ளூர் மக்களுடன் கலந்து பேசியே சட்டப்படி அமைக்கப்படுகிறது. அவர்களது மரபான உரிமைகளைப் பறிப்பதில்லை. சிக்கிய கடற்பசுவை முதலில் காண்பவர் மீனவரே. விலை கொடுத்து வாங்கிய வலையை அவர் உடனே அறுத்தால்தான் அது பிழைக்கும். அவ்வாறு விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசு வழங்கியுள்ளது. வரைபடத்திலுள்ள எல்லையைக் கடற்பசு அறியாது. ஆதலால் அது நீந்தும் கடல் முழுவதிலும் மீனவரின் இந்த ஒத்துழைப்பே அதற்கு உண்மையான காவல்.